பழைய சிறுவர் புத்தகம் சேர்க்கத் தொடங்குபவருக்கு: திருத்திய பக்கத்தைத் தேடிப் பிடிப்பது எப்படி?

என் அலமாரியில் ஒரே நோடி கதை இரண்டு பிரதிகளாக நிற்கிறது. எனிட் பிளைட்டன் எழுதி 1951இல் வந்தது. மரப் பொம்மையான நோடி தன் குட்டிக் காரில் சவாரிக்கு ஆள் ஏற்றிப் பிழைப்பவன். ராத்திரி வேளையில் இருட்டுக் காட்டுக்குச் சவாரி கேட்கிறார்கள். நம்பிப் போகிறான். மரங்களுக்கிடையே காத்திருந்த கும்பல் காரைப் பிடுங்கி, தொப்பியையும் சட்டையையும் உருவிக்கொண்டு அவனை நடுக்காட்டில் விட்டுவிடுகிறது. பழைய பிரதியில் அந்தக் கும்பல் கோலிவாக் பொம்மைகள்: கரிக்கட்டை முகம், தடித்த சிவப்பு உதடு, சுருட்டை முடி. 1895இல் ஃபிளாரன்ஸ் கேட் அப்டன் வரைந்த படப் புத்தகத்தில் பிறந்து, பிரிட்டன் முழுக்கத் துணிப் பொம்மையாகப் பரவிய உருவம் அது. முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பர்களைக் கேலி செய்து ஆடிய வெள்ளையர்களின் மேடையிலிருந்து வந்த சாயல். புதிய பிரதியில் அதே காடு, அதே கார், அதே அழுகை. கும்பல் மட்டும் குட்டிப் பூதங்களாகிவிட்டது. 1980களில் செய்த மாற்றம்.

பழையதை மயிலாப்பூர் நடைபாதையில் முப்பது ரூபாய்க்கு வாங்கினேன். உள்ளட்டையில் ஒரு பள்ளியின் பரிசுச் சீட்டு ஒட்டியிருந்தது. பள்ளியின் பெயர் செல்லரித்துப் போய், ‘நன்னடத்தைக்காக’ என்பதும் 1958 என்ற ஆண்டும் மட்டுமே மிச்சம். புதியதைச் சில வருடம் கழித்து, வீடு காலி செய்த ஒரு குடும்பத்தார் சும்மாவே கொடுத்தார்கள். தனித்தனியாக இருந்தவரை இரண்டும் சாதாரணப் புத்தகங்கள்தான். அடுத்தடுத்துத் திறந்து வைத்த அன்றுதான் நான் எதைச் சேர்க்கிறேன் என்பது எனக்கே விளங்கியது.

ஏட்டுச்சுவடி பதிப்பித்தவர்கள் பாடபேதம் பார்த்தார்கள், அதாவது ஒரே நூலின் வாசகம் (பாடம்) பிரதிக்குப் பிரதி எங்கே மாறுகிறது என்று பார்த்தார்கள். உ.வே.சாமிநாதையர் ஒரு சொல்லுக்காக ஊர் ஊராக அலைந்தார். சிறுவர் புத்தகங்களிலும் பாடபேதம் உண்டு. இங்கே அதை உண்டாக்கியவர் ஏடு எழுதியவர் இல்லை, கூச்சப்பட்ட பதிப்பாளர். ஆகையால் புதிதாக வருபவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: ஜோடியாகச் சேருங்கள். பழைய பாடம் ஒரு பிரதி, திருத்திய பாடம் ஒரு பிரதி. முதல் பதிப்பு மோகம் பணமுள்ளவர்களுக்கு. ஜோடி சேர்க்கப் பொறுமையும் சட்டைப் பையில் அடங்கும் ஒரு நோட்டும் போதும்.

முதல் வேலை: ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்

தொடக்கத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினேன். இரண்டே ஆண்டில் கட்டிலுக்கு அடியில் ஆறு அட்டைப்பெட்டிகள். ஒரு மழைக்காலம் முடிந்து இழுத்துப் பார்த்தபோது நான்கில் கரையான் புற்று வைத்திருந்தது. மிஞ்சிய இரண்டு பெட்டிகளைக் கிளறியபோதும் அவற்றில் ஏன் அந்தப் புத்தகங்கள் இருந்தன என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆசிரியரை வைத்துச் சேர்க்கலாம், வரிசையை வைத்துச் சேர்க்கலாம், ஓவியரை வைத்தும் சேர்க்கலாம். காலம் கடந்துபோன மதிப்பீடுகளில் அக்கறை உள்ளவர்களுக்கு ஒரு கேள்வியை வைத்துச் சேர்ப்பதே ஏற்றது. பெண் பிள்ளைகளுக்கு என்ன வேலை கொடுக்கிறார்கள்? வேலைக்காரர் எப்படிப் பேசுகிறார்? குண்டான பிள்ளை எதற்காகக் கதையில் வருகிறது? என்னுடைய கேள்வி, ஆங்கிலச் சிறுவர் புத்தகங்களில் நாம் எப்படி வருகிறோம் என்பது. அதற்கு முதலில் கிடைத்த விடையே நம் மண்ணைச் சேர்ந்ததாக இருந்தது.

ஹெலன் பேனர்மன் என்ற ஸ்காட்லாந்துப் பெண்மணி, இந்திய மருத்துவப் பணியில் இருந்த கணவரோடு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இந்தியாவில் வாழ்ந்தவர். மகள்களைக் கோடைக்கானலில் விட்டுவிட்டு ரயிலில் திரும்பும் வழியில் அவர்களுக்காக ஒரு கதை எழுதியதாகச் சொல்வார்கள். அது 1899இல் லண்டனில் ‘லிட்டில் பிளாக் சாம்போ’ என்று உள்ளங்கை அளவுப் புத்தகமாக வந்தது. அழகான சட்டை போட்ட சிறுவன், அவனை மிரட்டி ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொள்ளும் புலிகள். பிறகு புலிகள் தமக்குள் சண்டையிட்டு, ஒன்றின் வாலை ஒன்று கவ்வி மரத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி உருகி நெய்யாகிவிடுகின்றன. ஆமாம், நெய், அந்தச் சொல்லையே ஆங்கிலத்தில் வைத்திருக்கிறார். அந்த நெய்யில் அம்மா அப்பம் சுட, அவள் 27, அப்பா 55, பையன் 169 தின்கிறார்கள். புலியும் நெய்யும் நம்முடையவை. படத்திலிருக்கும் முகமோ அமெரிக்க, ஆங்கில மேடைகளில் கறுப்பர்களைக் கிண்டலடித்த முகம். பெயர்களும் அப்படியே. உரிமையை ஐந்து பவுனுக்கு விற்றுவிட்டதால் அமெரிக்காவில் யார் யாரோ தம் இஷ்டத்துக்குப் படம் வரைந்து அச்சடித்தார்கள். மூலத்தைவிட மோசமான முகங்கள் அவற்றில்தான் வந்தன. 1996இல் இதே கதை இரண்டு புது உருவங்களில் வந்தது. ஒன்றில் ஃபிரெட் மார்செலினோ பேனர்மனின் வாசகத்தை வைத்துக்கொண்டு, பெயர்களை பாபாஜி, மாமாஜி, பாப்பாஜி என்று மாற்றி, இந்தியச் சிறுவனாகவே வரைந்தார். மற்றொன்றில் ஜூலியஸ் லெஸ்டரும் ஓவியர் ஜெரி பிங்க்னியும் கறுப்பினக் கதைசொல்லலின் குரலில் முழுதாகத் திருப்பிச் சொன்னார்கள். 1899இன் மலிவான மறுஅச்சு ஒன்று, 1996இன் இந்த இரண்டு: மூன்றையும் வாங்கினால் உங்கள் சேகரிப்பின் முதல் தட்டு தயார்.

இன்னொரு புத்தகம் எல்லோர் வீட்டிலும் ஏதோ ஒரு வடிவில் இருக்கும். 1911இல் வந்த ‘தி சீக்ரெட் கார்டன்’. கதாநாயகி மேரி இந்தியாவில் வளர்ந்த வெள்ளைக்காரச் சிறுமி. ஆயாவை ‘பன்றியே, பன்றிக்குப் பிறந்தவளே’ என்று திட்டி வளர்ந்தவள். இங்கிலாந்துக்குப் போனபின் வேலைக்காரப் பெண் மார்த்தா, நீயும் கறுப்பாக இருப்பாய் என்று எண்ணினேன் என்று வெள்ளந்தியாகச் சொல்ல, மேரி கொதித்துப் போகிறாள்: அவர்கள் மனிதர்களே இல்லை, நமக்கு சலாம் போட வேண்டிய வேலைக்காரர்கள். எழுத்தாளர் மேரியைப் பொல்லாத பிள்ளை என்று காட்டத்தான் இப்படிப் பேச வைக்கிறார் என்பது உண்மை. ஆனால் அவள் நல்லவளாக மாறிய பிறகும் அந்த ஆயா கதைக்குள் திரும்ப வருவதில்லை. காலராவில் அவள் செத்தது இரண்டு வரிச் செய்தி. பள்ளிப் பிள்ளைகளுக்கான சுருக்கப் பதிப்பு எது கையில் கிடைத்தாலும் நான் முதலில் தேடுவது மார்த்தா வரும் இடத்தைத்தான். அந்த வரி இருக்கிறதா, மழுங்கியிருக்கிறதா, போய்விட்டதா?

1908 முதல் 1940 வரை லண்டனில் வாராவாரம் வந்த ‘தி மேக்னட்’ பத்திரிகையில் ஹரி ஜம்செட் ராம் சிங் என்று ஒரு மாணவன். பாணிபூர் நவாபாம். பெயரிலேயே இந்து, பார்சி, சீக்கியர் மூவரும் குடியிருக்கிறார்கள். கதையில் நல்லவன், நண்பர்களுக்காக உயிரையும் கொடுப்பான், கிரிக்கெட்டில் கெட்டிக்காரன். ஆனால் வாயைத் திறந்தால் கோணல் ஆங்கிலம். சிரிப்பு மூட்டுவதே அவன் நாக்கின் வேலை. அசல் இதழ்கள் செய்தித்தாள் காகிதத்தில் அச்சானவை, தொட்டால் உதிரும். 1960களின் கடைசியிலிருந்து ஹவர்ட் பேக்கர் பதிப்பாக வந்த நகலச்சுத் தொகுதிகள் கெட்டி அட்டையில் வந்தவை. படிப்பதற்கு அவை போதும்.

நம் பக்கமும் கை சுத்தம் இல்லை. அமர் சித்திரக் கதை 1967இல் தொடங்கியது. அதன் பழைய இதழ்களைப் புரட்டினால் தேவர்கள் சிவப்பு, அசுரர்கள் கருப்பு. இந்திரஜால் காமிக்ஸ் 1964இல் தொடங்கி, ஊதா உடை போட்ட வெள்ளைக்கார வீரன் பாண்டமைக் காட்டுவாசிகள் வணங்குவதை வீடு வீடாகக் கொண்டுவந்தது. அங்கும் ஒரு பாடபேதம் உண்டு. பாண்டமின் நாடு மூலத்தில் வங்காளத்தை நினைவூட்டும் பெயர் கொண்டது; நம் பதிப்பில் அது டெங்காலி ஆயிற்று. ராமா என்ற வில்லன் ராமலு ஆனான். நம் மனம் புண்படும் இடங்களைப் பதிப்பாளர் கவனமாகத் திருத்திக் கொடுத்தார். ஆப்பிரிக்கர் மனம் புண்படும் இடங்களைப் பற்றி நமக்கு அப்போது கவலை இல்லை.

இரண்டாவது: ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு சோதனைப் பக்கம்

கடையில் நின்று முழுப் புத்தகத்தையும் படித்துப் பார்க்க முடியாது. கடைக்காரர் விடவும் மாட்டார். ஆகவே எந்த இடத்தைப் பார்த்தால் இது பழைய பாடமா, திருத்திய பாடமா என்று தெரியும் என்பதை முன்கூட்டியே குறித்துக்கொண்டு போக வேண்டும். இதைச் சோதனைப் பக்கம் என்று நான் சொல்வேன். என் நோட்டிலிருந்து சில.

நான்சி ட்ரூ: இதற்கு வாசிக்கவே வேண்டாம், எண்ணினால் போதும். துப்பறியும் பெண் நான்சியைப் பற்றி 1930இல் தொடங்கிய இந்தத் தொடரின் முதல் 34 கதைகளை 1959 முதல் சுருக்கித் திருத்தினார்கள். அமெரிக்கக் கெட்டி அட்டைப் பதிப்புகளில் 25 அத்தியாயம் இருந்தால் பழைய பாடம், 20 இருந்தால் புதியது. அட்டையை நம்பாதீர்கள், 1962இலிருந்து வந்த மஞ்சள் முதுகு அட்டைக்குள் இரண்டு பாடமும் வந்திருக்கின்றன. முதல் கதையில் ஏரிக்கரை வீட்டைக் காவல் காக்க வேண்டிய ஜெஃப் டக்கர் பழைய பாடத்தில் குடித்துவிட்டுக் கிடக்கும் கறுப்பர், பேச்சும் கொச்சை. திருத்தியதில் அவர் நிறமும் போதையும் போய்விட்டன. இன்னொன்றையும் கவனியுங்கள். பழைய நான்சிக்கு வயது 16, யாருக்கும் அடங்காதவள். திருத்திய நான்சிக்கு 18, ஆனால் நல்ல பெண்ணாகிவிட்டாள். இனவெறியைத் துடைத்த கையே அவளுடைய துடுக்கையும் துடைத்துவிட்டது. திருத்தம் என்றாலே முன்னேற்றம் என்று எண்ணிக்கொண்டு இந்தப் பொழுதுபோக்குக்குள் வருபவர்களுக்கு இந்த ஜோடியைத்தான் காட்டுவேன்.

‘சார்லி அண்ட் தி சாக்லேட் ஃபேக்டரி’: ஆலையில் வேலை செய்யும் குள்ளர்களான ஊம்பா லூம்பாக்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று ஆலை முதலாளி வோங்கா சொல்லும் இடம். 1964 பாடத்தில் அவர்கள் ஆப்பிரிக்கக் காட்டுக்குள்ளிருந்து துளையிட்ட சரக்குப் பெட்டிகளில் அடைத்துக் கொண்டுவரப்பட்ட கறுப்புக் குள்ளர்கள். கூலி, கோக்கோ கொட்டை. அமெரிக்காவில் எதிர்ப்பு எழுந்தபின் ரோல்ட் டால் தாமே திருத்தினார். 1973இலிருந்து அவர்கள் லூம்பாலாண்டுக்காரர்கள், ரோஜா வெண்ணிறத் தோல். வேலையும் கோக்கோ கூலியும் மாறவில்லை என்பதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. 2023இல் பஃபின் பதிப்பகம் மறுபடியும் சொற்களை மாற்றியது. குண்டுப் பையன் அகஸ்டஸைக் ‘குண்டு’ என்று சொல்வதை எடுத்தார்கள். கூச்சல் கிளம்பியதும் பழைய பாடத்தையும் தனியாக வெளியிடுவோம் என்று அறிவித்தார்கள். ஆக இந்த ஒரு புத்தகத்துக்கு ஜோடி போதாது, மூன்று பிரதி வேண்டும்.

‘லிட்டில் ஹவுஸ் ஆன் தி ப்ரெய்ரி’: முதல் அத்தியாயம். மேற்கே மனிதர்களே இல்லை, செவ்விந்தியர்கள் மட்டுமே வாழ்ந்தார்கள் என்று 1935இல் அச்சான வாக்கியத்தில், 1953இல் ‘மனிதர்’ என்ற சொல் ‘குடியேறிகள்’ ஆயிற்று. ஒரே ஒரு சொல். எல்லாச் சோதனைப் பக்கங்களிலும் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

பிளைட்டனின் மாய மரக் கதைகள்: பிள்ளைகளின் பெயரைப் பாருங்கள். ஜோ, பெஸ்ஸி, ஃபேனி என்றால் பழையது. பெத், ஃபிரானி என்றால் திருத்தியது. பிள்ளைகளை அறையும் டேம் ஸ்லாப், திருத்தியதில் வெறுமனே சீறும் டேம் ஸ்னாப். அவருடைய ‘ஃபேமஸ் ஃபைவ்’ வரிசைக்கு வேடிக்கையான கதை உண்டு. 2010இல் பதிப்பாளர் மொழியை இந்தக் காலத்துக்கு ஏற்ப மாற்றினார், வாசகர்கள் சீந்தவில்லை, 2016இல் பழைய மொழிக்கே திரும்பிவிட்டார்கள். ஆகவே அந்த ஆறு ஆண்டுப் பிரதிகள்தான் இனி அரிதாகப் போகின்றன. இன்று ஐம்பது ரூபாய்க்குக் கிடக்கும் அவற்றை யாரும் மதிப்பதில்லை. நான் எடுத்து வைக்கிறேன்.

அவருடைய ‘த்ரீ கோலிவாக்ஸ்’ 1944இல் வந்தது. மூன்று பொம்மைகளில் ஒன்றின் பெயர், கறுப்பர்களை இழிவாகச் சொல்லும், இங்கே எழுத விரும்பாத சொல். பின்னாளில் மூவருக்கும் வேறு பெயர் வைத்தார்கள். பழைய பிரதி எங்கும் விலை அதிகம். தொடக்கத்திலேயே இதன் பின்னால் ஓட வேண்டாம்.

மூன்றாவது: ஆண்டைக் கண்டுபிடிப்பது

பதிப்புரிமைப் பக்கத்தில் முதலில் வந்த ஆண்டும் மறுஅச்சு ஆண்டுகளும் வரிசையாக இருக்கும். கடைசி ஆண்டுதான் உங்கள் பிரதியின் ஆண்டு. ஆண்டுக்குப் பதிலாக 10 9 8 7 6 5 4 என்று எண் வரிசை இருந்தால், அதில் மிஞ்சியிருக்கும் சிறிய எண்ணே எத்தனையாவது அச்சு என்பதைச் சொல்லும். அந்தப் பக்கம் கிழிந்து போயிருந்தால் துப்பறிய வேண்டியதுதான்.

பின்னட்டையில் ஷில்லிங், பென்ஸ் என்று விலை இருந்தால் பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறிய 1971க்கு முந்தையது. இரண்டு விலையும் சேர்ந்து இருந்தால் அந்த மாற்றத்தை ஒட்டியது. பத்து இலக்கப் புத்தக எண் 1970 வாக்கில் வந்தது, பதின்மூன்று இலக்கம் 2007இல். நம் ஊர்ப் புத்தகமானால் அணா இருந்தால் 1957க்கு முன், நயா பைசா இருந்தால் 1957க்கும் 1964க்கும் இடையே. புத்தகக் கடையின் முத்திரையில் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின் விற்றது. ‘மெட்ராஸ் 2’ என்று மட்டும் இருந்தால் அதற்கு முன்னதாக இருக்க வாய்ப்பு அதிகம். கடை முத்திரை விற்ற காலத்தைத்தான் சொல்லும், அச்சான காலத்தை இல்லை. பத்து வருடம் கிடங்கில் கிடந்து விற்ற புத்தகங்கள் ஏராளம். பரிசுச் சீட்டும் ‘அன்பு மகளுக்குப் பிறந்தநாள் பரிசு’ போன்ற கையெழுத்தும் அதே மாதிரிதான். புத்தகம் அந்தத் தேதிக்குப் பிந்தியது இல்லை என்பது மட்டும் உறுதி.

இப்படி எழுதிய பெயர்களை அழிக்க வேண்டாம். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் எழுத்தில்லாத பிரதியைத் தேடுவார்கள். 1958இல் ஒரு நல்ல பிள்ளைக்கு நன்னடத்தைப் பரிசாக என்ன கொடுத்தார்கள் என்பதே என் நோடி புத்தகத்தின் மதிப்பு என்று நான் நினைக்கிறேன்.

நான்காவது: தேடுமிடம், விலை

சென்னையில் 1900இல் திறந்த மூர் மார்க்கெட் 1985இல் எரிந்தபின், அங்கிருந்த பழைய புத்தகக் கடைகள் பக்கத்திலிருக்கும் அல்லிக்குளம் வளாகத்துக்குப் போயின. திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதையை நாங்கள் இன்னும் பைகிராப்ட்ஸ் ரோடு என்றுதான் சொல்கிறோம். இவற்றைவிட எனக்கு அதிகம் கொடுத்தது தெருமுனைப் பழைய பேப்பர் கடை. ஆண்டுத் தேர்வு முடிந்த வாரங்களிலும், பெரியவர்கள் காலமாகி வீட்டை இடிக்கக் கொடுக்கும்போதும் மூட்டை மூட்டையாக எடைக்கு வரும். கடைக்காரரிடம் அட்டையைக் காட்டி, படம் போட்ட இங்கிலீஷ் பிள்ளைப் புத்தகம் வந்தால் எடுத்து வையுங்கள் என்று சொல்லி, எடை விலைக்கு மேல் கொஞ்சம் கொடுத்துப் பழகினால் பிறகு அவரே போன் செய்வார்.

கையில் டார்ச் வைத்துக்கொள்ளுங்கள். எடுத்ததும் முகத்தில் மகிழ்ச்சி காட்டாதீர்கள். விலை அந்தக் கணமே ஏறும். முதலில் சோதனைப் பக்கம். பிறகு படங்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். தனித் தாளில் அச்சடித்து நடுவே செருகிய வண்ணப் படங்களைப் பள்ளி ஆல்பத்துக்காக வெட்டி எடுத்த பிள்ளைகள் மூன்று தலைமுறையாக இருக்கிறார்கள். முதுகை முகர்ந்து பாருங்கள்: புழுங்கல் நாற்றம் பூஞ்சைக்கு அடையாளம், விட்டுவிடுங்கள். பழுப்பேறியதும் துருப்பிடித்தாற்போன்ற புள்ளிகளும் பரவாயில்லை. பொது நூலக முத்திரை இருந்து, ‘நீக்கப்பட்டது’ என்ற முத்திரை இல்லாவிட்டால் வாங்காதீர்கள்; அது யாரோ திருப்பிக் கொடுக்காத புத்தகம். வாடகை நூலகங்களின் முத்திரை அப்படியில்லை. அந்த நூலகங்கள் பெரும்பாலும் மூடி, புத்தகங்கள் நியாயமாகவே விற்கப்பட்டவை.

இணையத்தில் வாங்கினால் பதிப்புரிமைப் பக்கத்தையும் சோதனைப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் நகர்ந்துவிடுங்கள். ஒரு விற்பனையாளர் ‘நல்ல நிலை’ என்று எனக்கு அனுப்பிய கெட்டி அட்டைப் புத்தகத்தின் மேலுறையை, பாதுகாப்பு என்று சொல்லி, அட்டையோடு சேர்த்துப் பிளாஸ்டிக்கில் லேமினேட் செய்திருந்தார். பிரிக்கவும் முடியாது, பார்க்கவும் சகிக்காது.

‘தடை செய்யப்பட்ட புத்தகம்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் விலையை மூன்றால் வகுத்துப் பேசுங்கள். இவற்றில் பெரும்பாலானவை எங்கும் தடை செய்யப்பட்டவை அல்ல. 2021 மார்ச்சில் அமெரிக்கச் சிறுவர் எழுத்தாளர் டாக்டர் சூஸின் ஆறு தலைப்புகளை இனி அச்சிடுவதில்லை என்று அவருடைய படைப்புகளின் உரிமையாளர்களே அறிவித்தார்கள். அந்த வாரமே பழைய பிரதிகளின் விலை தாறுமாறாக எகிறியது. அவற்றில் ஒன்றான, 1937இல் வந்த ‘மல்பெரி ஸ்ட்ரீட்’ புத்தகத்தில் சீனரை மஞ்சள் நிறமும் பின்னலுமாகக் காட்டிய படத்தை 1970களிலேயே ஓரளவு மாற்றியிருந்தார்கள். அது தெரியாமல், திருத்திய பிரதியையே அசல் என்று எண்ணிப் பெரும் விலை கொடுத்தவர்கள் உண்டு. செய்தி சூடாக இருக்கும்போது வாங்காதீர்கள்.

ஐந்தாவது: வீட்டுக்குக் கொண்டுவந்த பின்

நேராக அலமாரியில் வைக்கக் கூடாது. இராமபாணப் பூச்சி ஒன்று வந்தால் போதும், தட்டு முழுவதும் போய்விடும். புத்தகத்தை இரண்டு பிளாஸ்டிக் பைகளில் காற்று போகாமல் கட்டி, பிரிட்ஜின் ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்த பிறகு ஒரு நாள் முழுக்கப் பையைப் பிரிக்காமல் வெளியே வைத்திருங்கள். பிரித்தால் காகிதத்தில் நீர் பூத்துவிடும். (வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. மீன் எடுக்கப் போன என் அம்மா கையில் ‘மேக்னட்’ கதைகளின் குண்டு மாணவன் பில்லி பண்டர் வந்தது ஒரு தனிக் கதை.)

செல்லோ டேப் ஒட்டாதீர்கள். பத்து வருடத்தில் டேப் உரிந்து விழும், அதன் பசைக் கறை மட்டும் நிற்கும். வெயிலில் காய வைக்காதீர்கள். பழைய பைண்டர்கள் மயில்துத்தம் கலந்த மைதாப் பசையைச் சிபாரிசு செய்வார்கள். பூச்சி வராது, ஆனால் காகிதம் பாழாகும். அலமாரி வெளிச்சுவரில் ஒட்டி நிற்க வேண்டாம், நான்கு விரல் இடைவெளி விடுங்கள். அடித்தட்டில் எதையும் வைக்காதீர்கள். மற்றபடி மாதம் ஒருமுறை எடுத்துப் புரட்டுவதைவிடப் பெரிய மருந்து கிடையாது. கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தனியொருவராகச் சேர்த்தவைதான் இன்று தரமணியில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகமாக இருக்கின்றன. பழைய காகிதத்தை எப்படிக் காக்கிறார்கள் என்று அங்கே ஒருமுறை கேட்டுப் பார்த்து வருவது பத்துக் கட்டுரைகளுக்குச் சமம்.

ஆறாவது: சீட்டு எழுதுங்கள், பிள்ளைகளுக்கு ஒரு தட்டு ஒதுக்குங்கள்

ஒவ்வொரு ஜோடிக்கும் நான் ஒரு சீட்டு எழுதிச் செருகுகிறேன். எங்கே, எப்போது, எவ்வளவுக்கு வாங்கியது, அச்சு ஆண்டு, சோதனைப் பக்க எண், அதில் மாறிய சொல்லோ படமோ. கருத்து எழுதுவதில்லை. பென்சில் மட்டுமே, பேனா மை காலப்போக்கில் எதிர்ப் பக்கத்தில் இறங்கும்.

சேகரிப்புத் தட்டும் பிள்ளைகள் படிக்கும் தட்டும் வேறாக இருக்க வேண்டும். பூட்டி வைக்கச் சொல்லவில்லை. பிள்ளை தனியாக எடுத்துப் படிப்பதற்கும், பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது படிப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. போன கோடை விடுமுறையில் அண்ணன் மகள், எட்டு வயது, சாம்போ மறுஅச்சை இழுத்து எடுத்துவிட்டாள்.

“சித்தப்பா, இந்தப் பையன் எந்த ஊர்?”

“புலியும் நெய்யும் இருக்கிறதே, நீயே சொல்.”

“நம் ஊரா? நம் ஊரில் யாருக்கு இப்படி உதடு இருக்கிறது? வரைந்தவர் இங்கே வந்ததே இல்லையா?”

“முப்பது வருடம் இங்கேதான் இருந்தார்.”

அவள் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு 169 அப்பம் ஒருவனால் சாப்பிட முடியுமா என்று கேட்டாள். மார்செலினோவின் பாபாஜியை எடுத்துக் கொடுத்தேன். இரண்டையும் தரையில் விரித்து வைத்து, புலிகள் எந்தச் சட்டையை எந்தப் பக்கத்தில் பிடுங்குகின்றன என்று ஒப்பிடத் தொடங்கினாள். சோதனைப் பக்கம் என்ற சொல்லை நான் அவளுக்குச் சொல்லித் தரவில்லை.

ஒரே பாடம் இரண்டாவது முறை கைக்கு வந்தால் நல்ல பிரதியை வைத்துக்கொண்டு மற்றதை மாற்றிக்கொள்ளுங்கள். இந்த வட்டாரத்தில் காசைவிடப் பண்டமாற்றே அதிகம். கொடுக்கும்போது சீட்டை எடுத்துவிடாதீர்கள், அது புத்தகத்தோடு போகட்டும். என்னிடம் இப்போது 20 அத்தியாய நான்சி ட்ரூ ஏழு இருக்கின்றன, 25 அத்தியாயம் இரண்டே இரண்டு. ஞாயிறு காலை ஏழு மணிக்குள் போனால் பாரதி சாலையில் மூட்டை பிரிப்பதைப் பார்க்கலாம். சில்லறையாகக் கொண்டுபோங்கள்.